பாடம் வீட்டுக்கு, வீட்டுப்பாடம் வகுப்புக்கு

கல்லூரிகளில் அசைன்மென்ட் என்கிற சடங்கு அர்த்தம் இழந்துவிட்டது. கேள்வியை சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் அரை நிமிடத்தில் பதில் வருகிறது. அதை ஏ4 தாளில் மார்ஜின் போட்டு அழகாக எழுதி, மேலட்டை வைத்து மாணவர் கொடுக்கிறார். பக்கங்களைப் புரட்டிவிட்டு பேராசிரியர் இன்டெர்னல் மார்க் போடுகிறார். நடுவில் யாராவது யோசித்தார்களா என்பது இருவருக்குமே தெரியாது. வீட்டில் செய்துவரச் சொல்லும் எந்த வேலையையும் நம்ப முடியாது என்று ஆகிவிட்டதால்தான், ‘ஃப்ளிப்டு கிளாஸ்ரூம்’ எனப்படும் தலைகீழ் வகுப்பறை மறுபடியும் பேசுபொருளாகியிருக்கிறது. பாடத்தை வீட்டில் வீடியோவாகப் பார்த்துவிட்டு வா, கணக்கை வகுப்பில் என் கண்முன்னே போடு என்பதுதான் அதன் சாரம்.

யோசனை நல்லது. ஆனால், அது நம் கல்லூரிகளுக்குள் வந்துசேரும் விதம்தான் கவலை தருகிறது. தரச்சான்றுக்காக வரும் நாக், என்பிஏ குழுக்கள் ‘மாணவர் மையக் கற்பித்தலுக்கு என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்கின்றன. உடனே யூடியூப் இணைப்பு ஒன்றை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் புகைப்படத்தைக் கோப்பில் சேர்த்துவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்ட கலப்புக் கற்றல் வரைவு, ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. கொரோனா காலத்தில் வாங்கிய கேமராக்களும் மைக்குகளும் துறை அலமாரிகளில் தயாராக இருக்கின்றன.

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 சதவீதம். நாட்டின் சராசரி 28.4. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருபவர்கள் இங்கே ஏராளம். பாடம் நடக்கும் இடத்தை வகுப்பிலிருந்து வீட்டுக்கு மாற்றினால், முதலில் பாதிக்கப்படுபவர்களும் இவர்கள்தான்.

இரண்டு வேதியியல் ஆசிரியர்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்கிற சிற்றூர். விளையாட்டுப் போட்டி, அது இது என்று மாணவர்கள் வெளியூர் போய்விடுவதால் வகுப்புகள் தவறிக்கொண்டே இருந்தன. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரும் 2007இல் தங்கள் பாடங்களைப் பதிவுசெய்து இணையத்தில் போடத் தொடங்கினார்கள். வராதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. போகப்போக அவர்களுக்கே ஒன்று உறைத்தது. சொல்லிக்கொடுக்கும்போது மாணவருக்கு ஆசிரியர் நேரில் தேவைப்படுவதைவிட, கணக்கின் நடுவே மாட்டிக்கொண்டு விழிக்கும்போதுதான் அதிகம் தேவைப்படுகிறார். அந்த நேரத்தில் பார்த்து மாணவர் வீட்டில் தனியாக இருக்கிறார். அதைத் தலைகீழாக்கினார்கள்.

இதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்திருந்தார். நன்றாக நடத்துகிறார் என்று மாணவர்களிடம் பெயர் எடுத்தவர் அவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய எளிய வினாத்தாள் ஒன்றை 1990 வாக்கில் தன் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதில் சூத்திரம் இல்லை, கணக்கு இல்லை, அன்றாட நிகழ்வுகள் மட்டும்தான். கடினமான கணக்குகளை அநாயாசமாகப் போட்ட பலர் அதில் தடுமாறினார்கள்.

அந்த வகைக் கேள்வி ஒன்றை நம் ஊருக்கு ஏற்ப மாற்றிப் பார்ப்போம். கண்டெய்னர் லாரியும் ஆட்டோவும் நேருக்கு நேர் மோதுகின்றன. லாரி ஆட்டோவின் மீது செலுத்தும் விசை அதிகமா, ஆட்டோ லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா, இரண்டும் சமமா? நியூட்டனின் மூன்றாம் விதியை வரி பிசகாமல் ஒப்பிக்கும் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட கைகள் லாரி பக்கம் போகும். ‘ஆட்டோதானே சார் அப்பளமா நொறுங்குது’ என்று ஒருவர் காரணமும் சொல்வார்.

மசூர் கொண்டுவந்த முறை இங்கேதான் தொடங்குகிறது. கேள்வியைப் போட்டுவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் அமைதி. ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்து காட்ட வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் கீழே என்றால், பேராசிரியர் மறுபடி விளக்குகிறார். 70 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த கேள்விக்குப் போகிறார். இடையில் இருந்தால், பக்கத்தில் இருப்பவரை உங்கள் விடைக்குச் சம்மதிக்க வையுங்கள் என்கிறார். வகுப்பு சந்தைக்கடை ஆகிறது. ‘நொறுங்குறது வேற, விசை வேற. ஆட்டோவோட நிறை கம்மி, அதனால அதோட வேகம் சட்டுன்னு மாறுது’ என்று ஒரு மாணவி தோழிக்குச் சொல்கிறாள். பேராசிரியர் சொல்வதைவிட அது சில நேரம் நன்றாகவே ஏறுகிறது. தனக்கு எங்கே குழம்பியது என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. மறுபடி கை தூக்கச் சொன்னால் பல கைகள் இடம் மாறியிருக்கின்றன.

மாணவரை வைத்தே மாணவருக்குச் சொல்லித்தருவது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை அதைத்தான் செய்தார். எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பாளரான ஆண்ட்ரூ பெல், இந்த மண்ணின் பள்ளிகளில் பார்த்ததை வைத்து ஒரு முறையை வகுத்து, 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்று அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவருடைய கொடையில் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே அழைக்கப்படுகிறது. நம் கல்லூரி ஒன்றின் கருத்தரங்கில் இதே விஷயத்தைப் புத்தம்புது வெளிநாட்டுச் சரக்காக யாராவது விளக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது.

எண்கள் சொல்வது

உரையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பையும், மாணவர்கள் எதையாவது செய்யும் வகுப்பையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் ஒன்றாகத் தொகுத்தார்கள். எல்லாம் அறிவியல், பொறியியல், கணிதப் படிப்புகள். உரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோற்றவர்கள் சுமார் 34 சதவீதம். செயல்பட வைத்த வகுப்புகளில் சுமார் 22 சதவீதம். அரியர் பட்டியலோடு மல்லுக்கட்டும் எந்தக் கல்லூரிக்கும் இது பெரிய வித்தியாசம்.

தலைகீழ் வகுப்பறைக்காக வாதாடுபவர்கள் இந்த எண்களை அடிக்கடி எடுத்துப்போடுகிறார்கள். ஆனால், அந்தத் தொகுப்பு ஒப்பிட்டது வகுப்பில் மாணவர் சும்மா இருந்தாரா, வேலை செய்தாரா என்பதை. பாடம் வீட்டில் நடந்ததா, வகுப்பில் நடந்ததா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்வியைத் தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு, யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2015இல் வெளியானது. உயிரியல் வகுப்புகள் இரண்டு. இரண்டிலுமே மாணவர்கள் தாங்களே தேடி, விவாதித்துக் கற்கும் முறைதான். ஒன்றில் புதிய கருத்தை வீட்டில் கற்று, அதைப் பயன்படுத்தும் பயிற்சியை ஆசிரியருடன் செய்தார்கள். மற்றதில் கருத்தை ஆசிரியருடன் கற்று, பயிற்சியை வீட்டில் செய்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. புரட்டிப்போட்டதால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

இன்னொரு ஆய்வு அமெரிக்க ராணுவக் கல்விக்கூடமான வெஸ்ட் பாயின்டில் நடந்தது. எந்த மாணவர் எந்த வகுப்புக்குப் போவது என்பதைக் குலுக்கல் போல முடிவுசெய்து, 1,300க்கும் அதிகமான மாணவர்களிடம் சோதித்தார்கள். பேராசிரியர் ஒருவரே சில வகுப்புகளை வழக்கம்போலவும் சிலவற்றைத் தலைகீழாகவும் நடத்தினார். கணிதத்தில் உடனடியாகக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. பொருளாதாரத்தில் ஒன்றும் இல்லை. கணிதத்தில் கிடைத்த சராசரி முன்னேற்றமும் பின்னர் நிலைக்கவில்லை. நிலைத்தது ஒன்றுதான். நன்றாகப் படிப்பவர்களுக்கும் பின்தங்கியவர்களுக்கும் இடையிலான இடைவெளி விரிந்தது. பலன் பெரும்பாலும் வெள்ளையின ஆண் மாணவர்களுக்கும் ஏற்கெனவே முன்னணியில் இருந்தவர்களுக்கும் போயிருந்தது.

வெஸ்ட் பாயின்டில் எல்லோருக்கும் ஒரே விடுதி, ஒரே சாப்பாடு, ஒரே இணையம், கையில் கணினி, கறாரான கால அட்டவணை. அங்கேயே இப்படி.

எந்த வீடு, எந்த மாலை

நம் மாணவரின் மாலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். செமஸ்டருக்கு ஐந்து தாள். தாளுக்கு 20 நிமிட வீடியோ என்றாலும் ஒரு மாலைக்கு 100 நிமிடம். புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, குறிப்பெடுத்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஒவ்வொரு துறையும் தன் ஒரு தாளை மட்டும் பார்த்துக்கொண்டு ‘வெறும் 20 நிமிடம்தானே’ என்கிறது. மொத்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

அரசு கலைக் கல்லூரிகள் பலவற்றில் இரண்டு ஷிப்ட். காலை ஷிப்ட் முடிந்து ஜவுளிக்கடைக்கோ மருந்துக்கடைக்கோ வேலைக்குப் போகிறவர் வீடு திரும்ப இரவு பத்து ஆகிறது. முகூர்த்த நாள் என்றால் கேட்டரிங்கில் பரிமாறப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைய வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே முகூர்த்தம் தெரிந்துவிடும். ஒற்றை அறை வீட்டில் சீரியல் ஓடிக்கொண்டிருக்க, தம்பிக்கும் வேண்டியிருக்கும் ஒரே கைப்பேசியில் வீடியோ பார்க்க வேண்டும். தினசரி டேட்டா தீர்ந்துவிட்டால் படம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. கையில் கைப்பேசியோடு ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்திருந்தால், ‘பாடம் பார்க்கிறேன்’ என்பதை எல்லா வீடுகளும் நம்பிவிடுவதில்லை. பாத்திரம் கிடக்கிறது என்று குரல் வரும்.

மொழி அடுத்த சுவர். என்பிடெல் காணொளிகள் அருமையானவை. ஐஐடி பேராசிரியர்களின் பாடம் காசில்லாமல் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால், பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவரிடம் ஒரு மணி நேர ஆங்கில உரையைக் கொடுத்து ‘பார்த்துவிட்டு வா’ என்பது பெயரளவுக்குத்தான் உதவும். வகுப்பிலும் ஆங்கிலம்தான் என்று சொல்லலாம். ஆனால், வகுப்பில் முகத்தைப் பார்த்துவிட்டு ‘அதாவது என்னன்னா...’ என்று தமிழுக்கு இறங்கிவரும் ஆசிரியர் இருக்கிறார். வீடியோ இறங்கி வருவதில்லை.

பார்க்காமல் வந்தவருக்கு அடுத்த நாள் என்ன ஆகிறது என்பதுதான் இந்த முறையின் பலவீனமான இடம். பழைய வகுப்பில் முந்தைய நாள் தவறவிட்டவருக்கும் இன்றைய பாடத்தில் ஏதோ ஒன்று கிடைக்கும். தலைகீழ் வகுப்பில் அவர் விவாதத்தில் வாய் திறக்க முடியாமல், பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டு கூனிக் குறுகி உட்கார்ந்திருப்பார். இப்படி பத்துப் பேர் ஆனதும் ஆசிரியர் பொறுமை இழந்து, ‘சரி, நானே சுருக்கமா சொல்லிடறேன்’ என்று கரும்பலகைக்குத் திரும்புவார். ஒழுங்காகப் பார்த்து வந்தவர்கள், இனி பார்க்கத் தேவையில்லை என்று புரிந்துகொள்வார்கள். பெரும்பாலான முயற்சிகள் செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

உரை செய்த குற்றம் என்ன?

உரை வகுப்பைப் பழங்குப்பை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தேற்றத்தின் நிரூபணத்தை வெறும் சாக்பீஸோடு முதல் வரியிலிருந்து கட்டிக்கொண்டே போகும் கணித ஆசிரியரையோ, ஒரு கவிதையை வாசித்தே அதன் பாதிப் பொருளை உணர்த்திவிடும் தமிழ்ப் பேராசிரியரையோ எந்த வீடியோவும் ஈடுகட்டாது. ஒரு துறைக்குள் புதிதாக நுழைபவருக்கு, ஏற்கெனவே அதில் நடமாடும் ஒருவர் எப்படி யோசிக்கிறார் என்பதை நேரில் பார்ப்பது அவசியம். நம் வகுப்புகளின் நோய் வேறு. உரை என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி நோட்ஸ் எழுதவைப்பது. மஞ்சள் பூத்த தாளில் இருப்பது மாணவரின் நோட்டுக்கு மாறுகிறது, அங்கிருந்து விடைத்தாளுக்குப் போகிறது. இதற்கு நேரில் ஆள் தேவையில்லை, ஜெராக்ஸ் போதும்.

எந்த முறை நல்லது என்பதை மாணவர்களின் அபிப்பிராயத்தை வைத்தும் முடிவுசெய்ய முடியாது. ஹார்வர்டின் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று சுவையானது. தெளிவான, சரளமான உரையைக் கேட்டவர்கள் ‘நிறையக் கற்றோம்’ என்றார்கள். குழுவாகக் கணக்குகளோடு மோதியவர்கள் ‘குறைவாகத்தான் கற்றோம்’ என்றார்கள். தேர்வு வைத்தால் மதிப்பெண் நேர்மாறாக வந்தது. மோதித் தடுமாறுவதுதான் கற்றல் என்பது அந்த நேரத்தில் மாணவருக்குத் தெரிவதில்லை. ‘சார் நடத்தவே மாட்டேங்கறார், எங்களையே போடச் சொல்றார்’ என்று முதல்வரிடம் புகார் போகும்போது, முதல்வர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வீடியோ இணைப்பை அனுப்பிவிட்டு வகுப்பில் கைகட்டி நிற்கும் ஆசிரியருக்கு இது கேடயமாகிவிடவும் கூடாது.

செய்ய வேண்டியது

முதலில், முன்தயாரிப்பைக் கல்லூரி நேரத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். வாரத்துக்கு இரண்டு பீரியடை இதற்காகக் கால அட்டவணையிலேயே ஒதுக்கி, கணினி ஆய்வகத்தையோ நூலகத்தையோ திறந்துவிடலாம். தொடர்ந்து இரண்டு பீரியட் இருக்கும் நாளில் முதல் 20 நிமிடம் படிப்பு, மீதி நேரம் கணக்கு என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு எதையும் அனுப்பவே தேவையில்லை. கற்றல் கூடுவது வகுப்பில் செய்யும் வேலையால்தான் என்றால், வீட்டைப் பிடித்துத் தொங்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வீடியோதான் வேண்டும் என்பதில்லை. அந்தப் பாடத்துக்கென்றே ஆசிரியர் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு பல நேரங்களில் போதும். ஆங்கிலக் கலைச்சொல்லை அப்படியே வைத்து விளக்கத்தைத் தமிழில் எழுதலாம். வீடியோ போட்டால் எட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒருமுறை இறக்கிக்கொண்டு இணையம் இல்லாமலேயே பார்க்கும்படி இருக்க வேண்டும். எந்த வாரத்தில் எந்தத் துறை எவ்வளவு தருகிறது என்று ஒருவர் கூட்டிப்பார்த்து, உச்சவரம்பும் வைக்க வேண்டும்.

எல்லாத் தாளையும் புரட்ட வேண்டாம். வணிகவியலில் இறுதிக் கணக்குகள், புள்ளியியல், நிரலாக்கம், இயற்பியல் கணக்குகள் போன்று கை வைத்துச் செய்தால்தான் வரும் பகுதிகளில் தொடங்கலாம். ஒரு செமஸ்டருக்கு ஒரு யூனிட் போதும். 60 பேர் வகுப்பு, நகர்த்த முடியாத பெஞ்ச் என்பதெல்லாம் தடை ஆகாது. மசூர் இதைச் செய்ததே பெரிய உரையரங்கில், பக்கத்து இருக்கைக்காரரை வைத்துத்தான். ஏ, பி, சி, டி என்று எழுதிய நான்கு அட்டைகள் இருந்தால் விடை கேட்டுவிடலாம். அதற்காக எந்தக் கருவியும் வாங்க வேண்டாம்.

ஆசிரியரின் நேரம் எங்கிருந்து வரும் என்பதையும் நிர்வாகம் சொல்ல வேண்டும். வகுப்பைக் குழப்பிவிடும் ஒரு நல்ல கேள்வியைத் தயாரிக்க ஓர் இரவு ஆகலாம். தொகுப்பூதியத்தில், வேலை நிரந்தரமில்லாமல் இருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் இதைச் சம்பளமில்லாத கூடுதல் வேலையாகச் சுமத்தக் கூடாது. தயாரிப்பு நேரம் பணிச்சுமைக் கணக்கில் வர வேண்டும். அவர் பதிவுசெய்து கொடுத்த பாடத்தை வைத்துக்கொண்டே அடுத்த ஆண்டு அவர் பணியிடத்தைக் குறைக்க மாட்டோம் என்று எழுத்திலும் தர வேண்டும்.

வினாத்தாள் மாறாமல் வகுப்பை மட்டும் மாற்றுவது வீண். செமஸ்டர் தேர்வில் வரையறு, பட்டியலிடு என்றே கேட்டுக்கொண்டிருந்தால், லாரி-ஆட்டோ விவாதத்தில் ஒரு மணி நேரம் போனதே என்று மாணவர் வருந்துவதில் நியாயம் உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் வினாத்தாளைத் தாங்களே தயாரிப்பவை. மதிப்பெண்ணில் கால்வாசியை, மாணவர் இதுவரை பார்த்திராத சூழல்களை வைத்துக் கேட்கும் கேள்விகளுக்கு ஒதுக்க அவர்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

அரசு ஒரே சுற்றறிக்கையில் எல்லாக் கல்லூரிகளுக்கும் இதை விரித்துவிடக் கூடாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளிலேயே மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அதன் பாட அட்டைகளும் கற்றல் ஏணிப்படிகளும் எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தன. முதலில் செய்தவர்களின் ஈடுபாடு அதே வேகத்தில் போய்ச் சேரவில்லை.

மாறாக, விரும்பி முன்வரும் துறைகள் சோதித்துப் பார்க்கட்டும். ஏ செக்‌ஷன், பி செக்‌ஷன் என்று பல துறைகளில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒரே ஆசிரியர், ஒரே யூனிட். ஒரு பிரிவில் வழக்கமான முறை, மற்றதில் புதிய முறை, முடிவில் ஒரே தேர்வு. சராசரியோடு நிறுத்தாமல், தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், பெண்கள், முதல் தலைமுறையினர் ஆகியோரின் மதிப்பெண்ணைத் தனித்தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். வகுப்பின் சராசரி உயர்ந்து இவர்களுடைய மதிப்பெண் சரிந்திருந்தால், முன்தயாரிப்பு எங்கே தடைப்பட்டது என்று அவர்களையே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அதைச் சரிசெய்யும் வரை அந்த யூனிட்டைப் பழையபடி கரும்பலகையிலேயே நடத்தலாம்.